முப்பதைத் தாண்டாது

“டீச்சர், எனக்கு ஒண்ணும் புரியலைங்க. எவ்வளவு நடத்தினாலும் இந்தப் பள்ளிக்கூடத்துல மார்க் ஏற மாட்டேங்குது.”

கணக்கு ஆசிரியர் சென்னியப்பன் இப்படிச் சொன்னபோது, தலைமையாசிரியை ஜமீலா ஒழுகும் தண்ணீர்க் குழாயை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏனாம்?”

“அதைத்தான் கண்டுபிடிச்சுக் கொண்டுவந்திருக்கேன்.”

நாமக்கல் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி அது. சுற்றிலும் கோழிப் பண்ணைகள். பிள்ளைகளில் பாதிப்பேர் உள்ளூர். மீதிப்பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பண்ணை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள்.

சென்னியப்பன் ஒரு கம்பெனியில் புள்ளிவிவரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போது ஆசிரியர் வேலைக்கு வந்தவர். ஜமீலாவைவிட வயதில் மூத்தவர். இருந்தாலும் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் வருவார். ஒருநாளும் தெளிந்து திரும்பியதில்லை. ஆனாலும் வருவார்.

அன்று அவர் கையில் ஓர் அட்டவணை இருந்தது. அப்பாவுக்கு என்ன வேலை, அம்மா எதுவரை படித்தவர், என்ன சாதி, வீட்டில் என்ன மொழி, எத்தனை பள்ளி மாறிய பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் எதிரே மதிப்பெண்.

“பார்த்தீங்களா? பண்ணைப் பிள்ளைகதான் கீழே இழுக்குது. அவங்களைத் தனி அறையில உட்கார வெச்சு, சுலபமான பாடமா நடத்திடலாம். உள்ளூர்ப் பெற்றோரும் அதைத்தான் கேட்கறாங்க. இல்லேன்னா தனியார் பள்ளிக்குக் கொண்டுபோயிருவோம்கறாங்க.”

ஜமீலா அட்டவணையைப் பொறுமையாகப் படித்தார்.

“நல்லா உழைச்சிருக்கீங்க சார்.”

“அப்போ செஞ்சிடலாமா?”

“இது தப்பாப் போகாதா?”

“அனேகமாப் போகாதுங்க.”

அந்த நேரத்தில் வராந்தாவில் ஓர் அம்மா வந்து நின்றார். பக்கத்தில் ஒரு சிறுமி. அவளை ஏழாம் வகுப்பில் சேர்க்க வந்திருக்கிறார்.

“சார், அந்தப் பொண்ணைப் பத்தி உங்க அட்டவணைக்கு என்ன வேணுமோ கேட்டுட்டு வாங்க.”

சென்னியப்பன் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பெயர் லிப்சா. ஒடிசா. அப்பா பண்ணையில் முட்டை பொறுக்குகிறார். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. இதற்குள் மூன்று பள்ளி மாறியாகிவிட்டது. தமிழ் பேசுகிறாள்.

“கணக்குல எவ்வளவு எடுப்பா?”

“இவளா?” சென்னியப்பன் அட்டவணையில் விரலை ஓட்டினார். “முப்பதைத் தாண்டாது.”

“அப்படின்னா அந்த அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. மார்க் போட்டாச்சு, பொண்ணு இனி வரவேண்டாம்னு.”

“என்னங்க டீச்சர்! வராம எப்படி? பாடம் நடத்த வேண்டாமா?”

“எதுக்கு?”

சென்னியப்பன் அட்டவணையை மறுபடி பார்த்தார்.

“தனி அறை பத்திப் பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்” என்றார் ஜமீலா. “அதுவரைக்கும் அவ உங்க வகுப்புலயே இருக்கட்டும்.”

டீச்சர் கிண்டல் செய்தாரா, கோபித்துக்கொண்டாரா, அட்டவணையை ஒப்புக்கொண்டாரா என்று சென்னியப்பனுக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் உள்ளே உறைத்தது. தன் அட்டவணை இந்த ஒரு பிள்ளை விஷயத்திலாவது பொய்யாக வேண்டும்.

அதற்காக அவர் பாடுபட்டதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

லிப்சாவை முதல் வரிசையில் உட்கார வைத்தார். சாப்பாட்டு இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பிறகு பின்னம், சதவீதம். தவறாகப் போட்டால் திட்டுவதில்லை. மறுபடி முதலிலிருந்து.

மற்ற பிள்ளைகளுக்கு இயற்கணிதமும் வடிவியலும் கரும்பலகையில் ஓடும்போது, லிப்சாவிடம் மட்டும் ஒரு தாளில் பின்னக் கணக்குகளை எழுதிக் கொடுப்பார்.

“உனக்கு இது போதும்மா. அதையெல்லாம் பார்த்துக் குழம்பிக்காதே.”

அவள் தலையாட்டிவிட்டுப் போடுவாள். சீக்கிரம் முடித்துவிடுவாள். முடித்ததும் தலையைத் தூக்கிக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் இன்னொரு தாள் கொடுப்பார்.

ஒருநாள் ஜமீலா சன்னலுக்கு வெளியே நின்றார்.

“சார், அவ எதைப் பார்க்கறா?”

“போர்டைத்தானுங்க. அது அவளுக்கு எட்டாது. பாவம், புதுசா வந்த பிள்ளை. மிரண்டுடுவா.”

“ஓ.”

அவ்வளவுதான். போய்விட்டார்.

அந்த ‘ஓ’ சென்னியப்பனை வாரக்கணக்கில் படுத்தியது. சரி என்ற ‘ஓ’வா? சரியில்லை என்ற ‘ஓ’வா? மனைவியிடம் அதே மாதிரி சொல்லிக் காட்டினார். “இதுக்கெல்லாமா அர்த்தம் தேடுவீங்க?” என்று மனைவி எழுந்து போய்விட்டார்.

மாசி மாதம் ஒன்றியம் முழுவதற்கும் பொதுவாக ஒரு தேர்வு நடந்தது. விடைத்தாள்களை வேறு பள்ளி ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினார்கள்.

கட்டைப் பிரித்ததும் சென்னியப்பன் முதலில் தேடியது லிப்சாவின் தாளைத்தான். முகப்பில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது.

இருபத்தெட்டு.

தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனார். உட்காரக்கூட இல்லை.

“டீச்சர், அட்டவணைதான் ஜெயிச்சது.”

“சந்தோஷம்தானே சார்?”

“இல்லைங்களே! இந்தப் பொண்ணுக்கு நான் எவ்வளவு செஞ்சேன்னு உங்களுக்கே தெரியும். என் சொந்தப் பிள்ளைக்குக்கூட இப்படி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது கிடையாது. கடைசியில, சேர்ந்த அன்னிக்கு என்ன சொன்னேனோ அதேதான் வந்து நிக்குது. அப்போ நான் நடத்தினாலும் ஒண்ணு, நடத்தாட்டியும் ஒண்ணா? அப்பன் வேலையும் ஆத்தா படிப்பும்தான் மார்க் போடுதுன்னா நான் எதுக்கு இங்கே?”

ஜமீலா ஒரு நாற்காலியைக் காட்டினார்.

“ஏதாவது சொல்லுங்க டீச்சர். தனி அறைதான் சரின்னாவது சொல்லுங்க. இன்னிக்கே பிரிச்சு உட்கார வெச்சிடறேன். எனக்கு இந்தக் குழப்பம் தாங்கலைங்க.”

“தாளைப் பார்த்தீங்களா?”

“பார்த்துட்டுத்தானே வர்றேன். இருபத்தெட்டு.”

“அது முகப்புதானே சார்.”

ஜமீலா எழுந்து வாசலுக்குப் போய், ஏழாம் வகுப்பிலிருந்து லிப்சாவை வரச்சொன்னார். அவள் ஓடி வந்தாள். சாரின் முகத்தைப் பார்த்ததும் கதவோரமே நின்றுவிட்டாள்.

“வாம்மா. உன் பேப்பர் வந்திருக்கு. சார்கிட்ட வாங்கிப் பாரு.”

சென்னியப்பன் தாளை நீட்டினார். அவளை நேராகப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அழப்போகிறாள், என்ன சொல்லித் தேற்றுவது என்று உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

லிப்சா அழவில்லை. முகப்பில் இருந்த வட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். விரலை வைத்து ஒவ்வொரு கணக்காக நகர்த்திக்கொண்டே போனாள். பின்னம். டிக். சதவீதம். டிக். மறுபடி பின்னம். டிக். விரல் நகர நகர அவள் முகம் மலர்ந்தது.

“சார்! எல்லாம் ரைட்டு!”

“எதும்மா எல்லாம்?”

“நீங்க சொல்லிக்கொடுத்தது எல்லாம் சார். ஒண்ணுகூடத் தப்பு இல்லை. பாருங்க.”

தாளைத் திருப்பிக் காட்டினாள். சென்னியப்பன் குனிந்து பார்த்தார். அவர் சொல்லிக்கொடுத்த கணக்குகள் அத்தனையும் சரி. அவற்றுக்குக் கீழே கேள்வி எண்களை மட்டும் வரிசையாக எழுதி, பக்கத்தில் வெறுமையாக விட்டிருந்தாள். இயற்கணிதம். வடிவியல். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. எழுத முயன்ற அடையாளமே இல்லை.



லிப்சா அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தாள். குறை சொல்லும் குரல் இல்லை அது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டாள்.

“சார், இதெல்லாம் எப்போ சார் எனக்கு நடத்துவீங்க?”

சென்னியப்பன் வழக்கம்போல ஜமீலாவைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னைப் பார்க்காதீங்க சார்” என்றார் ஜமீலா. “அவ உங்களைக் கேட்கறா.”