மரகத நகர் கூட்டத்தில் செவந்தி

நாலு வீட்டில் பாத்திரம் விளக்கிப் பிழைக்கிற செவந்திக்குச் சொந்தமென்று இருந்தது ஒரே ஒரு ஓட்டு வீடு. அதன் பத்திரத்தின் மேல்தான் தனகோடி முதலாளிக்குக் கண்.

கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் முழங்கினார்: "வீட்டை என்கிட்ட அடமானம் வைங்க. அந்தக் கடன்ல என்னோட மரகத நகர்ல மனை வாங்குங்க. ஒரே வருஷத்துல ரெண்டு மடங்கு! இன்னைக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த விலை."

செவந்தியின் புருஷன் காத்தமுத்து வீட்டுப் பத்திரத்தை மேடை மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தேவிட்டான். தவணை தவறினால் பிள்ளையோடு தெருவில்தான் நிற்கணும். செவந்தி பதறிப்போய் எழுந்தாள். "ஐயா, ஒரு சந்தேகம்," என்றாள் மெல்ல.

"வெக்கப்படாதம்மா, மேல வா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு," என்று சிரித்தபடி மைக்கை அவள் கையில் கொடுத்தார் முதலாளி.

"மனை வாங்கிக்கிறோம்யா. எங்க வீடு எதுக்குங்க உங்களுக்கு? மழை வந்தா ஒழுகும். ரெண்டு மடங்கு ஏறப்போற அந்த மனையையே அடமானமா வச்சுக்கங்களேன்."

"அதானே!" என்றது கூட்டம். முதலாளி அவள் பக்கம் குனிந்து பல்லைக் கடித்தார். செவந்தி மைக்கை மெல்ல அவர் வாய்ப்பக்கம் நகர்த்தினாள்.

"அந்தக் களர் நிலத்தை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது? அஞ்சு வருஷமா வாங்க ஒரு நாதியில்ல!"

மண்டபம் முழுக்க அது முழங்கியது. காத்தமுத்து பேனாவை மூடினான். அவனுக்குப் பின்னால் வரிசையாகப் பேனாக்கள் மூடுகிற சத்தம் கேட்டது.

பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு செவந்தி மைக்கை முதலாளியிடம் நீட்டினாள்.

"எல்லாருக்கும் கேட்டுச்சுங்களாய்யா?"