குளத்தில் தங்கிய முகம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. சத்தம் போட்டால் இந்தக் கதை கலைந்துவிடும்.

ஒரு காட்டில், அத்திமரத்தடியில் ஒரு குளம் இருந்தது. காற்றுகூட அங்கே வந்தால் தூங்கிப்போகும். அந்தக் குளத்துக்கு ஒரு விநோதப் பழக்கம். யாராவது அதன் முன்னால் திடுக்கிட்டால், அந்த முகத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொருவர் வந்து திடுக்கிடும்வரை விடாது. எத்தனை பேர் தண்ணீர் குடித்தாலும் கலையாது.

ஒரு நாள் சருகுமான் தண்ணீர் குடிக்கக் குனிந்தது. முயல் அளவுதான் இருக்கும் அந்த மான். 'டொப்' என்று ஓர் அத்திப்பழம் அதன் மூக்கில் விழுந்தது. கண் பிதுங்க, வாய் பிளக்க, ஒரே ஓட்டமாய் ஓடிவிட்டது. முகம் மட்டும் தண்ணீரில் தங்கிவிட்டது.

மாலை மஞ்சள் வெயிலில் மயில் வந்து எட்டிப் பார்த்தது. சருகுமானின் முகத்தைக் காட்டி, தன் முகம்போல வேடிக்கையாகச் சொன்னது:

"மழைன்னு நினைச்சு தோகையை விரிச்சேன். பார்த்தா யானை குளிக்குது! அப்போ என் மூஞ்சி இதுதான்!"

காடே சிரித்தது. நரிக்கும் ஆசை வந்தது.

"ஆமைன்னு கடிச்சேன், கல்லு! அப்போ என் மூஞ்சி இதுதான்!"

சருகுமானும் வந்து விழுந்து விழுந்து சிரித்தது. முகம் ஒன்றுதான். கதை ஆளுக்கொன்று.

குரங்குக்கு அது போதவில்லை. அத்தி இலைகளுக்குள் ஒளிந்துகொண்டு, சருகுமானைப் போலவே கீச்சுக் குரலில் சொன்னது:

"தேனீ கொட்டி கரடி மாமா 'அம்மா'ன்னு அழுதாரே, அப்போ என் மூஞ்சி இதுதான்!"

முகமே பேசியதாக எல்லாரும் நம்பினார்கள். பேச்சு கரடியின் காதுக்கும் போனது. அது சருகுமானைத் தேடிவந்து கத்தியது:

"ஏய் சுண்டைக்காய்! நானா அழுதேன்? இனி குளத்துப் பக்கம் வந்தே, நசுக்கிடுவேன்!"

அதுவோ கோடைக்காலம். காட்டில் வேறு தண்ணீரே கிடையாது. சருகுமானின் தொண்டை வறண்டது. நடுங்கிக்கொண்டே கரடியிடம் போனது.

"மாமா, மூஞ்சி என்னுதுதான். பேச்சு என்னுது இல்லை. இன்னிக்குச் சாயங்காலம் வாய் நிறையப் பழத்தை அடைச்சுக்கிட்டு உங்க பக்கத்திலேயே நிக்கிறேன். அப்பவும் குரல் வந்தா?"

"வரட்டும், பார்க்கலாம்" என்று உறுமியது கரடி.

இருவரும் மூங்கில் புதருக்குப் பின்னால் நின்றார்கள். குளத்தைச் சுற்றிக் கூட்டம் கூடியது. குரல் வந்தது:

"கரடி மாமா குறட்டை விட்டாரா, மலை சரியுதுன்னு ஓடினேன்! அப்போ என் மூஞ்சி..."

கரடி திரும்பிப் பார்த்தது. சருகுமானின் கன்னங்கள் உப்பியிருந்தன. அண்ணாந்து பார்த்தது. இலைகளுக்கு நடுவே ஒரு வால் தொங்கியது.

"அடடே, குரலுக்கு வால் வேற இருக்கா!" என்று மரத்தை ஓர் உலுக்கு உலுக்கியது.

'தொபுக்!' குரங்கு தண்ணீரில் விழுந்து, சொட்டச் சொட்டக் கரையேறியது. குளத்தில் சருகுமானின் முகம் போய், குரங்கின் முழி பிதுங்கிய முகம் நின்றது.

"சருகு, இப்போ உன் முறை! நல்லா நாலு வார்த்தை சொல்லு!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

குரங்கு கண்ணை இறுக மூடிக்கொண்டது.

சருகுமான் பழத்தை விழுங்கிவிட்டுக் குளத்தருகே போனது. காடே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. சருகுமான் வாயைத் திறந்தது.

குனிந்து, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது.

நீதி: அடுத்தவர் வாயில் உன் பேச்சை வைக்காதே.