கொலுமண்டபத்தில் நாற்று நட்ட கதை

முன்னொரு காலத்தில், மகாராஜாக்களுக்குக் காலையில் தோன்றியது மாலைக்குள் சட்டமாகிவிடும் நாளில், ஒரு தேசத்தில் உழவு கற்றுக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதை ஒட்டி நாலு காணி வயல். அந்த வயலில் செவத்தி என்பவள் பிள்ளைகளுக்கு விதைக்கவும் நடவும் சொல்லிக்கொடுத்தாள்.

அந்த வயல்மேல் அமைச்சர் வல்லபராயருக்கு வெகு நாளாகக் கண். ஆற்றங்கரை, நல்ல காற்று. மாளிகை கட்ட அதைவிடத் தோதான இடம் கிடையாது. அதற்காகவே உழவைப் பற்றி முந்நூறு பாட்டில் ஒரு நூல் எழுதிக்கொண்டு சபைக்கு வந்தார்.

“மகாராஜா, உழவின் சகல நுட்பமும் இந்த ஏட்டில் அடக்கம். இனிப் பள்ளிக்கு வயல் எதற்கு?”

முதல் பத்துப் பாட்டும் மகாராஜாவைப் பற்றித்தான். அவருக்கு ஏடு பிடித்துப்போனது. “மெய்தான். வயலை நீரே வைத்துக்கொள்ளும்” என்றார்.

ஓரத்தில் நின்ற விகடன் பூவலிங்கம் களுக்கென்று சிரித்துவிட்டான். போன மாதம் இதே அமைச்சர் கோரைப்புல் மண்டிக் கிடந்த மேட்டைக் காட்டி, “நெல் செழித்திருக்கிறது” என்று சொன்னது ஞாபகம் வந்துவிட்டது, பாவம்.

அவனைத் தொலைக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் வல்லபராயர். “பூவலிங்கத்துக்குச் சிரிப்பு வருகிறது. அவனே பாடம் நடத்தட்டும். வருகிற வெள்ளிக்கிழமை, இதே கொலுமண்டபத்தில், சபையோர் முன்னிலையில். மாணவர்கள் வாசலைத் தாண்டாமல் நடவு கற்க வேண்டும். தவறினால் இவன் தேசத்தை விட்டுப் போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் மகாராஜா.

பூவலிங்கம் பிறந்தது முதல் சேற்றில் கால் வைத்தவன் இல்லை. ஆனாலும் குனிந்து வணங்கினான். “பாடத்துக்கு வேண்டியதை மண்டபத்துக்குள் கொண்டுவரத் தடையில்லை என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும்.”

ஏடும் எழுத்தாணியும் கேட்கிறான் என்று நினைத்த அமைச்சர், தம் கையாலேயே எழுதி முத்திரையும் வைத்துக்கொடுத்தார்.

பூவலிங்கம் நேரே வயலுக்குப் போனான். செவத்தி வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

“செவத்தியக்கா, நடவு நட என்னென்ன வேணும்?”

அவள் நிமிரவில்லை. “வயலு வேணும். அதைத்தான் புடுங்கிட்டாங்களே.”

“வயலு போவட்டும். அதுக்குள்ள என்ன கெடக்கு?”

“என்ன கெடக்கும்? முழங்காலு சேறு, தண்ணி. மிதிச்சுக் கொழைக்க ரெண்டு எருமை.”

“எருமை படி ஏறுமா?”

இப்போது நிமிர்ந்தாள். “பின்னால நான் வந்தா ஏறும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மண் வண்டிகள் அரண்மனை வாசலில் வரிசை கட்டின. காவலர்கள் மறித்தார்கள், ஓலையில் அமைச்சரின் முத்திரையைக் கண்டதும் விலகிக்கொண்டார்கள். மகாராஜா வந்து பார்க்கும்போது தூணுக்குத் தூண் வரப்பு. நடுவே முழங்கால் சேறு. வேட்டியை மடித்துக் கட்டிய இருபது பிள்ளைகள், இரண்டு எருமைகள். சிம்மாசனம் மட்டும் மேடையில் தப்பித்து நின்றது.

“இது அவமதிப்பு, மகாராஜா” என்று கத்தினார் வல்லபராயர்.

“அடியேன் அமைச்சரின் ஏட்டைத்தான் நடத்துகிறேன்” என்றான் பூவலிங்கம். “நாற்பதாம் பாட்டு: சேறு குழையக் குழைய மிதித்திடுக. பாடியவரே மிதித்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கும்.”

மகாராஜா அமைச்சரைப் பார்த்தார். “மிதியும்.”

வல்லபராயர் பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு காலை வைத்தார். அது உள்ளே போயிற்று; திரும்பி வரவில்லை. அவரைத் தூக்கிவிடப் போன பூவலிங்கமும் வழுக்கி விழுந்து தலையோடு கால் சேறானான். பிள்ளைகள் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் செவத்தி காட்டியபடி மூன்று வரிசை நாற்றை நூல் பிடித்ததுபோல் நட்டுவிட்டார்கள். அந்தச் சமயம் ஒரு எருமை சிம்மாசனத்துக்கு முன்னால் சுகமாகப் படுத்து வாலைச் சுழற்றியது. ஒரு கவளம் சேறு பறந்துபோய் மகாராஜாவின் மீசையில் அப்பியது.

எல்லைக்கு எத்தனை நாள் நடை என்று பூவலிங்கம் மனத்துக்குள் கணக்குப் போட்டான். செவத்தி மட்டும், “எந்திரி கழுதை” என்று எருமையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள்.

மகாராஜா மீசையைத் தடவிப் பார்த்தார். “இந்தச் சேறு எப்போது காயும், அம்மா?”

“காயக் கூடாதுங்க சாமி. நட்டாச்சுல்ல, கதிரு முத்துற வரைக்கும் தண்ணி நிக்கணும். தவளை வரும், நண்டு வரும். தவளையத் திங்கப் பாம்பும் வரும்.”

மகாராஜா இரண்டு கால்களையும் சிம்மாசனத்தின்மேல் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பள்ளிக்கு வயல் வேண்டும், வேண்டவே வேண்டும். இந்த நாற்றையும் எருமையையும் இப்போதே அங்கே கொண்டுபோங்கள். வல்லபராயரே, அறுவடை வரை நீர் அங்கே இந்த அம்மாளிடம் மாணவர்.”

அப்படியே தம் முத்துமாலையைக் கழற்றிப் பூவலிங்கத்திடம் நீட்டினார்.

“கழுத்து எங்கே இருக்கிறதென்று முதலில் தேட வேண்டும், மகாராஜா” என்றான் அவன். “ஒரு அண்டா வெந்நீர் கிடைக்குமா?”

மகாராஜா தம்முடைய குளியலறையையே திறந்துவிடச் சொன்னார். பூவலிங்கம் குளித்து முடிக்க உச்சிப்பொழுதாயிற்று. அதுவரை மகாராஜா மீசையில் காய்ந்த சேற்றோடு, தம் முறை வருமென்று வாசலில் சிரித்துக்கொண்டே நின்றார்.