கண்ணாடி கோணல்

வல்லக்குளம் ஜமீன்தாரின் துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது சங்கிலியின் வேலை. அந்த வருஷம் கடலைக்காட்டை அழித்துக்கொண்டிருந்த பன்றியை ஜமீன்தார் மூன்று தடவை சுட்டார். மூன்று தடவையும் குறி தவறிவிட்டது.

"துப்பாக்கி மேலே நீ மாட்டின தூரக்கண்ணாடி கோணல்டா! நாளைக்கு கலெக்டர் வர்றதுக்குள்ளே நேராக்கலேன்னா குடும்பத்தோட ஊரைக் காலி பண்ணு" என்று கத்தினார்.

கண்ணாடியைப் பிடித்திருந்த வளையத்தில் ஒரு திருகாணி நிஜமாகவே தளர்ந்திருந்தது. சங்கிலி அதை இறுக்கினான். துப்பாக்கியை மணல்மூட்டைமேல் கிடத்தி, குழல் வழியாகப் பார்த்தாலும் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் ஒரே புள்ளி தெரியும்வரை சரிசெய்தான். பிறகு சுட்டுப் பார்த்தான். மூன்று குண்டும் உள்ளங்கையகலத்துக்குள் விழுந்தன.

மறுநாள் கலெக்டர் முன்னால் ஜமீன்தார் ஒரு பானையைக் குறிவைத்துச் சுட்டார். பானை அப்படியே இருந்தது.

"பார்த்தீங்களா, இன்னும் கோணல்!"

"இன்னொரு தடவை சுடுங்க எசமான்" என்ற சங்கிலி, தோட்டா போடுவதுபோல் போக்குக் காட்டி வெறும் துப்பாக்கியை நீட்டினான்.

ஜமீன்தார் விசையை இழுத்தார். 'டக்' என்றது, வெடிக்கவில்லை. ஆனாலும் குழல் ஒரு சாண் துள்ளியது. ஜமீன்தாரின் கண்கள் இறுக மூடியிருந்தன.

"துப்பாக்கியிலே இருக்கிற திருகாணி எல்லாத்தையும் இறுக்கிட்டேன் எசமான். பாக்கி ஒண்ணு உங்க தோள்ல ஆடுது. அதுக்குத் தோதான திருப்புளி என்கிட்ட இல்லே."

கலெக்டர் தொப்பி விழச் சிரித்தார். அதற்கப்புறம் சங்கிலியை எப்படி ஊரைவிட்டுத் துரத்துவது?

அந்த வாரமே பன்றி விழுந்தது. சுட்டவன் சங்கிலி. அதன்மேல் காலை வைத்து மீசையை முறுக்கியவர் ஜமீன்தார்.