கிணற்றின்மேல் படையெடுப்பு

“என் அம்மாவுக்கு ஒரு நடுகல் வேண்டும், வேந்தே.”

வேம்பி இதைக் கேட்டது நிறைந்த சபையில். கேட்கவே கூடாது என்று அவளுடைய அப்பா மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாவது முறை கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதனால்தானோ என்னவோ, கேட்கும்போது அவள் குரல் கொஞ்சம் ஓங்கியே ஒலித்தது.

இது முன்னொரு காலத்தில் நடந்தது. எந்த நாடு என்று துருவாதீர்கள். ஆற்றுக்கு இக்கரையில் ஒரு நாடு, அக்கரையில் ஒரு நாடு, நடுவே ஒரு மணல்திட்டு. வருடத்தில் ஐந்து மாதம் தண்ணீருக்கடியில் கிடக்கும் அந்தத் திட்டு யாருக்குச் சொந்தம் என்று ஏழு வருடமாகப் போர் நடந்துகொண்டிருந்தது. இக்கரை அரசனின் பெயர் விண்ணதிரன். பெயர்தான் அப்படி. அவன் உயிர் இருந்ததெல்லாம் சோற்றில். காலையில் கண் விழித்ததும் மத்தியானத்துக்கு என்ன என்று கேட்பான். மத்தியானம் இலையில் கை வைத்தபடியே ராத்திரிக்கு என்ன என்று கேட்பான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நாட்டின் பகைவன் கையால் யார் இறந்தாலும் அவருக்குக் கல் நட வேண்டும். கல்லில் இறந்தவர் பெயரும் கொன்ற பகைவன் பெயரும் எழுத வேண்டும். கல் நடுகிற அன்று அரசன் வெறுங்காலோடு வந்து தன் கையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். பொழுது சாயும்வரை ஒரு பருக்கைகூட அவன் வாயில் படக் கூடாது. முப்பாட்டன் காலத்துச் சட்டம், மாற்ற வழியில்லை. ஆனால் சேனாபதி பெருந்தோளன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தவர். வருடம் முழுக்க இறந்தவர்களின் கல்லையெல்லாம் சேர்த்துவைத்து ஒரே நாளில் நட்டுவிடுவார். வருடத்துக்கு ஒரு பட்டினியோடு போயிற்று. இதற்காகவே அரசன் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடினான்.

அந்தக் கற்களில் காவிக்கட்டியால் எழுத்தை வரைந்து கொடுப்பது வேம்பியின் வேலை. கல்தச்சனுக்கு எழுத்து தெரியாது. அவள் வரைந்த கோட்டின்மேல் உளியை ஓட்டுவான். அவளுடைய அப்பா சாம்பன், ஊரில் சாவு விழுந்தால் பறையடித்துச் சேதி சொல்கிறவர். அவர்கள் தெருவிலிருந்து அரண்மனையின் முன்வாசல் வழியாக உள்ளே வந்த முதல் ஆள் வேம்பிதான். எழுத்துச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாமல், நட்டுவைத்த கற்களைத் தடவித் தடவியே கற்றவள். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்காகவே அரசன் அவளைச் சபையில் வைத்திருந்தான். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் அவனுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டும். சேனாபதிக்கு அதுவே எரிச்சல். தான் சொல்லி அரசன் இதுவரை ஒரு தடவைகூடச் சிரித்ததில்லையே என்று உள்ளூர ஒரு குறை.

“உன் தாய் எந்தப் போரில் பட்டாள்?” என்று அரசன் கேட்டான்.

“குயவர் தெருக் கிணற்றோடு நடந்த போரில். அதற்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, வேந்தே. மழை பெய்து தரை வழுக்கிக் கிடந்தது. அம்மா இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். பகைவன் வாயைத் திறந்தபடி காத்திருந்தான்.”

சபை சிரித்தது. அரசனும் சிரித்தான். வேம்பி சிரிக்கவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

இனி எருமை முட்டிச் செத்தவனுக்கும் கல் கேட்பார்கள் என்றார் சேனாபதி. கல் நாட்டின் பகைவன் கையால் மாண்டவருக்கு மட்டும்தான், கண்ட குழியில் விழுந்தவருக்கு அல்ல என்றார். நாட்டின் பகைவன் என்றால் யார் என்று வேம்பி கேட்டாள். நம் குடிகளை எவன் அதிகம் கொன்றானோ அவன், அதாவது அக்கரையான் என்று பதில் வந்தது. அதைச் சபை கேட்க இன்னொரு முறை சொல்லுங்கள் என்று அவள் பணிவாகக் கேட்டுக்கொண்டாள். அவரும் மார்பை நிமிர்த்திச் சொன்னார். அரசன் தலையாட்டினான்.

“அப்படியானால் அந்தக் கிணறு அக்கரையானைவிடப் பெரிய பகைவன், வேந்தே.”

அரசனுக்கு விளையாட்டு பிடித்துப் போயிற்று. அதை நீ காட்டிவிட்டால் இந்த வருடம் படை கிணற்றின்மேல்தான் போகும் என்றான். காட்டாவிட்டால் காவிக்கட்டி பிடிக்கும் கையை வெட்டிவிடலாம் என்றார் சேனாபதி. அதற்குள் சமையல்கட்டிலிருந்து தாளிக்கும் வாசனை வந்துவிட்டதால் அரசன் அதற்கும் சரி என்று எழுந்துவிட்டான்.

வீட்டில் சாம்பன் பறைக்கு வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மகள் சொன்னதைக் கேட்டதும் கை நின்றது.

“நாந்தான் சொன்னேன்ல தாயி, கேக்காதேன்னு.”

“கேட்டாச்சுப்பா. கயிறெல்லாம் எங்க?”

“கையை எடுத்துருவாங்க தாயி.”

“கயிறு எங்கப்பா?”

சாம்பனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒவ்வொரு சாவுக்கும் பறையடித்துவிட்டு வந்ததும் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவார். அவருடைய அப்பாவும் அப்படியே போட்டார். போரில் போனவர்களுக்கு ஒரு கயிறு, கிணற்றுக்கு ஒன்று, மற்றதுக்கெல்லாம் தனித்தனியாக. எதற்கு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. யாராவது ஒருத்தர் ஞாபகம் வைத்திருக்க வேண்டாமா என்பார்.

மறுநாள் அவர் சபையின் நடுவில் நின்று, ஏழு வருடப் போர்க்கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்தார். இரண்டு முழம்கூட இல்லை.

“நாப்பத்தி மூணு முடிச்சு, சாமி.”

“பார்த்தீர்களா, நாற்பத்து மூன்று பேரைக் கொன்றிருக்கிறான்” என்றார் சேனாபதி.

“அதுல பதினொண்ணு நம்ம யானை மிதிச்சது, சாமி. பதினேழு பேரு பாசறைக் கூழக் குடிச்சு வயித்தால போனவங்க. ஒருத்தரு வெற்றி முரசு கேட்டு ஆடினாரு, மேடையிலேருந்து விழுந்துட்டாரு. மிச்சம் பதினாலு அக்கரையான் கணக்கு.”

சேனாபதிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

பிறகு கிணற்றுக் கயிறு. அதே ஏழு வருடத்துக்கு அறுபத்தொரு முடிச்சு. எண்ணிக்கொண்டே வந்த சாம்பனின் கட்டைவிரல் ஒரு முடிச்சில் கொஞ்சம் தங்கியது. வேம்பி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றிருந்தது. வண்டி நிறையக் கயிறு. அது என்ன என்று அரசன் கேட்டான்.

“அது மத்ததுங்க, சாமி. அவுத்து விட்டா மண்டபம் பத்தாது.”

இலை போட்டாயிற்று என்று ஆள் வந்து சொல்லவே, வண்டியை அவிழ்க்க வேண்டாம் என்று அரசன் சொல்லிவிட்டான். சேனாபதியும் ஒத்துக்கொண்டார். ஆனால் மனசுக்குள் ஒரு கண்ணி பின்னிவிட்டார். படையெடுப்பு என்றால் முறைப்படி நடக்க வேண்டும், தூது, ஆநிரை கவர்தல், முற்றுகை என ஒன்றுகூடக் குறையக் கூடாது, படையை இந்தப் பெண்ணே நடத்தட்டும், தோற்றால் பழைய தண்டனைதான் என்றார். நாடே கைகொட்டிச் சிரிக்கும் என்பது அவர் எண்ணம்.

வேம்பி மறுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்நூறு வீரர்களும் எட்டு யானைகளும் குயவர் தெருவுக்குள் புகுந்தார்கள். தெரு அகலம் போதாமல் யானைகள் பின்னோக்கி நடந்தே திரும்பிப் போயின. முதலில் தூது. அரண்மனைத் தூதர் பட்டாடையோடு கிணற்றை எட்டிப் பார்த்து, “சரணடை” என்று முழங்கினார்.

“சரணடை” என்றது கிணறு.

தூதர் முகம் சிவந்துவிட்டது. இருபது வருடமாகத் தூது போகிறேன், இப்படி ஒரு திமிர் பிடித்த பகைவனைப் பார்த்ததில்லை என்று அரசனிடம் வந்து புலம்பினார். அரசன் பல்லக்கில் உருண்டு உருண்டு சிரித்தான்.

அடுத்தது ஆநிரை. பகைவனின் மாடுகளைக் கவர்ந்து வந்தால்தான் போர் தொடங்கியதாகக் கணக்கு. கிணற்றிடம் மாடு இல்லை. தவளை இருந்தது. வெட்சிப்பூ சூடிய வீரர்கள் வாளியில் இறங்கிப் பதினான்கு தவளைகளைச் சிறைபிடித்து ஒரு பானைக்குள் போட்டார்கள். ஒரு வீரனுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

“அட பாவிகளா, அது போன மழைக்கு வந்த தவளைடா” என்றாள் தண்ணீர் எடுக்க வந்து காத்திருந்த குயவர் வீட்டு அம்மாள் செல்லாத்தா. “சீக்கிரம் சண்டை போட்டு முடிங்க, உலை வைக்கணும்.”

கடைசியாக முற்றுகை. வேம்பி சேனாபதியிடம் வந்து கைகூப்பி நின்றாள். கோட்டையை வளைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. சேனாபதிக்கு இந்தக் கேள்வியைவிடப் பிடித்த கேள்வி கிடையாது.

“சுற்றிலும் மதில் எழுப்ப வேண்டும், பெண்ணே. பகைவன் வெளியே வரக் கூடாது. நம் ஆள் ஒருவரும் அவன் கையில் சிக்கக் கூடாது. இடைவெளி ஓர் அடிகூட விடக் கூடாது.”

“கேட்டீர்களா?” என்று வேம்பி வீரர்கள் பக்கம் திரும்பினாள். “சேனாபதியின் ஆணை.”

ஐந்நூறு பேர் கல் சுமந்தார்கள். மண் குழைப்பதைக் குயவர் தெருவே பார்த்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் கிணற்றைச் சுற்றி மார்பளவு உயரத்துக்குச் சுவர் எழும்பி நின்றது. செல்லாத்தா வந்து சுவரை ஒரு குத்துக் குத்திப் பார்த்தாள். பிறகு அதன்மேல் சாய்ந்துகொண்டு கயிற்றை இறக்கினாள். குடம் நிறைந்தது. அவள் விழவில்லை. அடுத்தவள் வந்தாள். அவளும் விழவில்லை.

என்ன நடந்தது என்று சேனாபதிக்குப் புரிந்தபோது அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏழு வருடத்தில் ஒரு சாவும் இல்லாமல் ஜெயித்த முதல் போர். அங்கேயே வாகைப்பூ சூடிக்கொண்டு, தன் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி வேம்பியிடம் கொடுத்தான். தாய்க்குக் கல் உண்டு, அதற்கு மேலும் ஒரு வரம் கேள் என்றான்.

சேனாபதி குனிந்து, வேடிக்கை முடிந்தது, பௌர்ணமிக்குப் பிறகு அக்கரைக்குப் படை கிளம்பலாமா என்று மெல்லக் கேட்டார். வழக்கம்போல்தானே, கிளம்பட்டும் என்றான் அரசன், வாயெல்லாம் சிரிப்பாக.

வேம்பியின் காதில் அது விழுந்தது.

“பெரிதாக ஒன்றும் வேண்டாம், வேந்தே. அக்கரையானைவிட அதிகம் கொன்றவன் நாட்டின் பகைவன் என்று சபையில் முடிவாகிவிட்டது. அந்தப் பகைவர்களால் இறந்தவர்களுக்கு எந்தக் கல்லை எந்த நாளில் நடுவது என்று குறிக்கிற வேலையை எனக்குக் கொடுங்கள். சேனாபதிக்கு ஏற்கனவே தலைக்கு மேல் வேலை.”

இவ்வளவுதானா என்று அரசன் செம்பை வாங்கி அவள் கையில் நீர் வார்த்துக் கொடுத்தான். நீர் வார்த்துக் கொடுத்ததைத் திரும்ப வாங்க அந்த நாட்டில் சட்டம் இல்லை.

“நன்றி, வேந்தே. ஒரு நாளைக்கு ஒரு கல். சேர்த்து நட மாட்டேன்.”

அரசன் இதற்கும் சிரித்தான். பிறகு அவன் விரல்கள் தாமாகவே எண்ணத் தொடங்கின. கிணற்றுக்கே இரண்டு மாதப் பட்டினி.

“அந்த வண்டியில் இருந்தது?” என்றான்.

“அதற்கு ஐந்து வருடம் ஆகும். போன முடிச்சுக்குத் தப்ப முடியாது. புது முடிச்சு விழாமல் பார்த்துக்கொள்ளலாம்.”

“அதில் நீளமான கயிறு எது?”

“குடிதண்ணீர்த் துறைக்கு மேல்புறம் அரண்மனை யானைகளைக் குளிப்பாட்டுகிறார்கள். கீழ்ப்புறம் ஊர் குடிக்கிறது. அந்தத் தண்ணீரால் போனவர்கள்.”

யானைகளை அங்கே குளிப்பாட்டச் சொன்னது யார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சேனாபதிகூட அரசன் முகத்தைப் பார்க்காமல் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அரசன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். எப்படி நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“அந்தக் கல்லில் பகைவன் பெயர் என்று என்ன எழுதுவாய், வேம்பி?”

அவள் தவளைப் பானையின் மூடியைத் திறந்து, பொற்காப்பை அதன்மேல் வைத்தாள். இது கைதிகளுக்கான மீட்புப்பொருள், இவர்களை விட்டுவிடுங்கள் என்று பானைக்குக் காவல் நின்ற வீரனிடம் சொன்னாள். பதினான்கு தவளைகளும் அரசனின் பல்லக்கைத் தாண்டிக் குதித்துப் போயின. இடுப்பிலிருந்த காவிக்கட்டியை எடுத்து, கூர் சரியாக இருக்கிறதா என்று நகத்தால் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குள் தெருக்கோடியில் சாம்பன் பறையை எடுத்துவிட்டார். அம்மாவுக்குக் கல் இன்றே, அரசன் சாப்பிடுவதற்கு முன்பே.

வேம்பி பறை கேட்ட பக்கமாக நடந்தாள், திரும்பிப் பார்க்காமல். அரசன் கேட்ட அந்தப் பெயரை எழுத எத்தனை எழுத்து வேண்டும், கல்லில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும்.