இரும்பில்லாமல் மலையேறிய செவ்வந்தி

முன்பே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் பொய்யர் யாரும் இல்லை. வழக்குக்கு வந்த மூன்று பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். தீர்ப்பு கடினமாகப் போனது அதனால்தான்.

கருங்கரட்டுப் பாளையத்தில் மலைமேல் ஓர் அம்மன் உண்டு. அவளுக்கு இரும்பு ஆகாது. அரிவாள், சாவிக்கொத்து, ஊசி என்று எல்லாவற்றையும் அடிவாரத்துக் கல்லருகே வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். பாளையக்காரர் வீரமல்ல நாயக்கரே வாளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறுவார்.

அவருடைய தம்பி பொம்மு நாயக்கர் சண்டைக்குப் போய்ச் சேதியே இல்லாமல் இருந்த காலத்தில், அண்ணன் அம்மனிடம் வேண்டிக்கொண்டார். "தம்பி உயிரோடு திரும்பினால், அவனைச் சுமந்து வரும் குதிரையும் வருகிற சித்திரைத் திருவிழாவில் உன் மலையை ஏறும்." கார்த்திகையில் தம்பி திரும்பினார். சுமந்து வந்தது செவ்வந்தி என்ற பெண் குதிரை. நோய் நொடி அறியாதது. ஆனால் முதன்முதலில் சேணம் ஏறிய நாளிலிருந்து லாடம் இல்லாமல் ஓரடி வைத்ததில்லை. லாடமும் இரும்புதானே. வேண்டிக்கொள்ள வாய் போதும். ஏறப்போகிற கால் யாருடையது என்று அந்த நேரத்தில் யார் யோசிக்கிறார்கள்?

லாடம் கட்டும் சிவனணைஞ்ச ஆசாரியை அழைத்தார்கள். அவர் குளம்பைத் தூக்கிப் பார்த்தார்.

"லாடத்தை இன்னைக்கே கழட்டிருவேன் சாமி. ஆனா இது ஆணி அடிச்சு அடிச்சு ஓட்டையான குளம்பு. இது தேஞ்சு, மேலருந்து புதுக் குளம்பு தரை வரைக்கும் எறங்கணும். அதுக்கு ஒரு வருசமாவது ஆகும். சித்திரைக்குள்ள முடியாது."

"சொன்ன சொல் சொன்னதுதான்" என்றார் நாயக்கர்.

ஆசாரி ஆணிகளை நோகாமல் நெம்பி எடுத்தார். மாதாமாதம் வந்து, குளம்பின் விளிம்பு சில்லாகப் பெயராதபடி அரத்தால் உருட்டிவிட்டார். பாதத்தின் அடித்தோல் தடித்து இறுகட்டும் என்று அங்கே மட்டும் கத்தி வைக்கவே இல்லை. லாடம் அடித்துப் பிழைக்கிற மனிதர், லாடம் வேண்டாத குதிரைக்காக உழைத்தார். அந்தப் பெருமை அவருக்கு உண்டு.

பொம்மு நாயக்கர் சேணத்தைக் கழற்றி உத்தரத்தில் தொங்கவிட்டார். இனிப்பு குளம்புக்கு ஆகாது என்று ஆசாரி சொன்னதால் வெல்லத்தையும் நிறுத்தினார். செவ்வந்தி அவர் மடியை முகர்ந்து முகர்ந்து பார்க்கும். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தைமாதம் தன் கல்யாணத்துக்கே நடந்து போனார். "மாப்பிள்ளைக்குக் குதிரை இருக்குன்னு சொன்னீங்களே" என்று பெண் வீட்டார் கேட்டதையும் சிரித்துக்கொண்டே விழுங்கினார்.

செவ்வந்தியை நடத்தியவள் ஒச்சம்மாள். அப்பாவுக்குப் பிறகு லாயத்தைப் பார்த்துக்கொண்டவள், துடுக்கான வாய்க்காரி. முதலில் ஆற்று ஈரமணல், பிறகு வரப்பு, பிறகு வண்டிப்பாதை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பொடிக்கல்லைப் பரப்பி, குதிரை அதன்மேல் நின்றுதான் குடிக்கும்படி செய்தாள்.

சித்திரை வந்தது. மேளம் முழங்க, ஊரே திரண்டு நிற்க, ஒச்சம்மாள் செவ்வந்தியை அடிவாரத்துக்குக் கொண்டுவந்தாள். சரளைக்கல்லில் கால் பட்டதும் குதிரை கூசிக் கூசி அடியைக் குறுக்கி வைத்தது. மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அவள் கயிற்றைத் திருப்பினாள்.

"எங்கே போற?" என்றார் நாயக்கர்.

"லாயத்துக்கு, சாமி. இவ இன்னைக்கு ஏற மாட்டா."

"அம்மனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"வாக்கு நீங்க குடுத்தது, சாமி. காலு இவளோடது."

திருவிழாக் காப்புக் கட்டியிருந்ததால் நாயக்கர் கை ஓங்கவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? சாமி குத்தம் என்றார்கள். ஆடியில் மழை பொய்த்தது, அதற்கும் ஒச்சம்மாள்தான் காரணம். தண்ணீர்த் துறையில் பெண்கள் அவளைக் கண்டால் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். அவள் செவ்வந்தியோடு சரளையில் நடந்துகொண்டே இருந்தாள். பொம்மு நாயக்கர் சேணத்தை இறக்கவில்லை. ஆசாரியும் வருவதை நிறுத்தவில்லை.

அடுத்த சித்திரையில் செவ்வந்தி ஏறியது. வெறும் பாறையில், கயிறு தொய்ய, காதை விடைத்துக்கொண்டு, தனக்கே சொந்தமான மலைபோல ஏறியது. உச்சியில் நின்று அது கனைத்தபோது வீரமல்ல நாயக்கர் எல்லோரும் பார்க்க அழுதார்.

அந்தக் கோயிலில் வருசத்துக்கு ஒரே ஒரு பரிவட்டம். குதிரையை ஏற்றிவிட்டவர் தலைக்கு அது என்று நாயக்கர் சொன்னதும் மூவரும் முன்னால் வந்தார்கள்.

"குளம்பு என் கை பட்டது" என்றார் ஆசாரி.

"சொந்தக் குதிரையை வைத்துக்கொண்டு நடந்தவன் நான்" என்றார் பொம்மு நாயக்கர்.

"திருப்பிக் கூட்டிப் போனது நான்" என்றாள் ஒச்சம்மாள்.

பூசாரி குறுக்கிட்டார். "வாக்கைக் கெடுத்தவளுக்கு மரியாதையா?"

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, உங்கள் முறை வந்துவிட்டது. பரிவட்டம் யார் தலைக்குப் போக வேண்டும்? ஏன்?

விடை: நாயக்கர் அதை ஒச்சம்மாளுக்குத்தான் கொடுத்தார். "ஆசாரியும் தம்பியும் தவறியிருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். இவள் தவறு செய்திருந்தால் மட்டும் இவள் கழுத்தில் மாலை விழுந்திருக்கும். போன வருசம் இவள் பேசாமல் ஏற்றியிருந்தால் நானே கொண்டாடியிருப்பேன். குதிரை மறுநாள் நொண்டும்போது இவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மற்ற இருவர் பட்ட பாடும் அன்றோடு போயிருக்கும். சரியானதைச் செய்து வசை வாங்கியவள் இவள்தான். வாக்குத் தவறியது என் அவசரத்தால். அம்மன் ஒரு வருசம் காத்திருந்தாள், எனக்குத்தான் பொறுக்கவில்லை" என்றார். பரிவட்டம் கட்டும்போது "எனக்கு எதுக்குச் சாமி" என்று சொல்வது ஊர் வழக்கம். ஒச்சம்மாள் தலையைக் குனிந்தாள், ஆனால் ஒப்புக்குக்கூட அப்படிச் சொல்லவில்லை.