தொட்டி இருந்த இடம்

ஊர்ப் பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அதனால் தெருவோடு நிறுத்திக்கொள்வோம். உப்புக்காரத் தெருவில் ஏகாம்பரம் என்று ஒருவர் இருந்தார். கதிரேசன், வீரபாகு என்று இரண்டு தம்பிகள். மூன்று பேருக்கும் சேர்த்து யோசிக்கிற வேலையை ஏகாம்பரத்தின் மனைவி செண்பகவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற சிமெண்ட் தொட்டி விரிசல் விட்டுப் போயிற்று. புதிதாக ஒரு ஃபைபர் தொட்டி வாங்கியாயிற்று. கடைக்காரர் அதைக் கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு, "கொல்லையில தண்ணி போற குழாய் இருக்கும். முதல்ல வாயை அடைச்சுடுங்க. அப்புறம் தொட்டியை நகர்த்துங்க" என்று சொல்லிப் போனார்.

அன்றைக்கென்று செண்பகவல்லியின் அண்ணன் வீட்டில் கிரகப்பிரவேசம். காலையில் கிளம்பும்போது புருஷனை நிற்கவைத்துச் சொன்னாள்:

"சாயங்காலம் நான் வரும்போது, பழைய தொட்டி இருந்த இடத்துல புதுத் தொட்டி இருக்கணும். ஒரு விரக்கடைகூடத் தள்ளி இருக்கக் கூடாது. பழசுல இருக்கிற தண்ணியில ஒரு சொட்டு வீணாகக் கூடாது. இதையும் சொதப்பினீங்கன்னா நான் எங்க அண்ணன் வீட்டிலேயே இருந்துக்குவேன்."

அவள் இல்லாத வீட்டை ஏகாம்பரத்தால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மூன்று பேரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

முதலில் தண்ணீர். ஒரு சொட்டு வீணாகாமல் குடம் குடமாக மொண்டு, கூடத்துக்குக் கொண்டுபோய்ப் புதுத் தொட்டியில் ஊற்றினார்கள். பழசு காலியானது. புதுசைத் தூக்கப் போனால் அசையவில்லை.

"தண்ணி இருக்கு அண்ணே, அதான் கனக்குது" என்றான் கதிரேசன்.

"அப்ப இதைக் காலி பண்ணணும்" என்றார் ஏகாம்பரம்.

திரும்பக் கொண்டுபோய்ப் பழையதில் ஊற்றினார்கள். இப்போது பழசை நகர்த்த முடியவில்லை. மறுபடி புதுசுக்கு. இப்படி மூன்று முறை ஆனதில் தண்ணீர் முக்கால்வாசி விரிசல் வழியாகப் போய்விட்டது. நாலாவது முறை எதுவும் மிஞ்சவில்லை.

"நாம வீணாக்கலை. அதுவா போச்சு" என்று வீரபாகு சொன்னதும் ஏகாம்பரத்துக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்து, வாயை அடைப்பது. ஆளுக்கொரு துண்டு எடுத்து அவரவர் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிமெண்ட் தொட்டியைச் சுவரோரமாகத் தள்ளினார்கள். பாதி வழியில் அது கதிரேசன் கால் பெருவிரலில் ஏறி உட்கார்ந்தது. வாய் அடைத்திருந்ததால் அவன் சொல்லவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. பழைய தொட்டிமேல் இவனுக்கு இவ்வளவு பாசமா என்று ஏகாம்பரம் நெகிழ்ந்துபோய், அவன் ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்திவைத்தார்.

ஒருவழியாகப் பழைய தொட்டி நகர்ந்து, துண்டுகள் அவிழ்ந்து, புதுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் கொல்லை வாசல் குறுகல். தொட்டி அகலம். நேராக முட்டிப் பார்த்தார்கள். பின்னால் போய் ஓடிவந்து முட்டிப் பார்த்தார்கள். நிலையோரச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்ததுதான் மிச்சம்.

மூவரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"தொட்டி அந்த இடத்துக்குப் போக மாட்டேங்குது" என்றான் கதிரேசன், விரலை நீவிக்கொண்டே.

"அப்ப அந்த இடம் தொட்டிகிட்ட வரட்டுமே" என்றான் வீரபாகு.

ஏகாம்பரம் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு மூளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் கஷ்டப்பட்டோமே என்று இருந்தது அவருக்கு.

பழைய தொட்டி இருந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தோண்டினார்கள்.

"இடம் எவ்வளவு ஆழம் இருக்கும் அண்ணே?"

"தெரியலை. எதுக்கும் இடுப்பளவு எடுத்துக்குவோம். குறைஞ்சா உங்க அண்ணி கண்டுபிடிச்சுடுவா."

கூடை கூடையாக மண்ணைச் சுமந்து வந்து கூடத்தில் குவித்து, தட்டிச் சமப்படுத்தி, அதன்மேல் தொட்டியை வைத்தார்கள். ஏகாம்பரம் விரல் வைத்து நாலு பக்கமும் அளந்தார். கொஞ்சம்கூடத் தள்ளி இல்லை.

சாயங்காலம் செண்பகவல்லி வந்தாள். கூடத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"இடம்" என்றார் ஏகாம்பரம், பெருமையாக.

அவள் தொட்டியை மண்மேட்டிலிருந்து இறக்கி, பக்கவாட்டில் சாய்த்து, ஒற்றை ஆளாகக் கொல்லை வாசல் வழியே இழுத்துக்கொண்டு போனாள். அங்கே குழியைப் பார்த்ததும் அதன் ஓரத்திலேயே தொட்டியை வைத்துவிட்டாள்.

"நான் சேலை மாத்திட்டு வர்றதுக்குள்ள இந்தக் குழியை மூடி வைங்க" என்று உள்ளே போனாள்.

அவள் திரும்பி வந்தபோது புதுத் தொட்டி குழியின்மேல் கவிழ்ந்திருந்தது. கச்சிதமான மூடி. சந்து பொந்து இல்லை. மூன்று பேரும் கைகட்டி நின்றார்கள்.

செண்பகவல்லி பழைய தொட்டியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தாள். "தொட்டி கவிழ்ந்து கிடக்கே. தண்ணி எப்படிங்க நிக்கும்?" என்று கேட்டாள்.

ஏகாம்பரத்துக்கு உயிர் வந்தது. கேள்வி கேட்கிறாள் என்றால் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

"அதையும் யோசிச்சுட்டோம் வல்லி. ரப்பர் குழாயை அடியில விட்டிருக்கோம். காலையிலேருந்து மேல ஊத்தி ஊத்தித்தானே கீழ ஒழுகுச்சு? இப்பக் கீழேருந்து நிரப்புறோம்."

வீரபாகு தொட்டியின் முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நிரம்புதாடா?"

"நிரம்புது அண்ணே. ஆனா மேல வந்ததும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்று அவன் கவலையோடு சொன்னதும், கதிரேசன் நொண்டிக்கொண்டே போய்க் குடையை எடுத்துவந்து தொட்டிக்குப் பிடித்தான்.